புதுப்பிப்பு: பிரிட்டனில் ஆங்கிலம் படிக்க ஹோஸ்ட் குடும்பத்தில் தங்குவது

உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் பணம் கட்டித் தங்கி (அவர்கள்தான் ஹோஸ்ட் குடும்பம்) ஆங்கிலம் படிப்பது பற்றிய முந்தைய இழையில், விசா பற்றி ஒரே வரியில் முடித்திருந்தோம். அது போதவில்லை. 6 மாதம் வரையிலான படிப்புக்கு ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா போதும். 6 முதல் 11 மாத ஆங்கிலப் படிப்புக்குத்தான் ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசா. இரண்டிலும் வேலை பார்க்க முடியாது, அங்கே இருந்துகொண்டு இந்தக் கால வரம்பைத் தாண்டி நீட்டிக்கவும் முடியாது.

சாப்பாடு பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும் மட்டும். மதியச் சாப்பாடு உங்கள் செலவு. தங்குவதற்கான விண்ணப்பப் படிவத்தில் வெறும் ‘வெஜிடேரியன்’ என்று போடாதீர்கள். முட்டையும் சீஸும் அதில் சேர்த்திதான், சில வீடுகளில் மீன்கூடத் தட்டில் வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் (விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) என ஒவ்வொன்றாக எழுதி ‘வேண்டாம்’ என்று குறிப்பிடுங்கள். இரவு உணவு பல வீடுகளில் 6, 7 மணிக்கே. வர நேரமாகும் என்றால் மதியமே மெசேஜ் போட்டுவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு சொல்வதுதான் மனக்கசப்பில் முடியும்.

குளியலறையில் எலக்ட்ரிக் ஷவரில் வெந்நீர் வராவிட்டால், முதலில் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அதுதான் ஸ்விட்ச், பெரும்பாலும் சிவப்பு விளக்கு எரியும். (பொதுக் கழிப்பறையில் தொங்கும் சிவப்புக் கயிறு வேறு. அது அவசர அழைப்பு, தொடாதீர்கள்!) வீட்டுக் குளியலறையில் இருக்கும் இரு துளை பிளக் ஷேவருக்கு மட்டும். ஹேர் டிரையரை அறையில்தான் போட வேண்டும்.

ஒரே தாய்மொழிக்காரர் இன்னொருவர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இருந்தால் பேச்சுப் பயிற்சி பாதியாகிவிடும்.