கோ மொழியில் பிழைச் செய்தி மாயமாகிறது, யாராவது கைகொடுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் சரக்குக் கிடங்கு ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். பழைய சி பிளஸ் பிளஸ் லைப்ரரியை கோ மொழியிலிருந்து அழைக்கிறோம். அது கடைசிப் பிழையை திரெட்_லோக்கல் மாறியில் வைக்கும், அதாவது ஒவ்வொரு திரெட்டுக்கும் (இயங்கும் இழைக்கும்) தனித்தனி மதிப்பு. முதல் அழைப்பு -1 தந்தால், இரண்டாவது அழைப்பில் செய்தியைக் கேட்டு வாங்க வேண்டும்.

என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. சர்வரில் கூட்டம் சேர்ந்ததும் செய்தி காலியாக வருகிறது. நேற்று வேறொரு பார்சலின் பிழையே வந்து நின்றது! திரெட் எண்ணை அச்சிட்டுப் பார்த்தேன்: முதல் அழைப்பில் 4127, அடுத்ததில் 4131. நடுவில் கோரூட்டீன் (கோ மொழியின் இலகுவான இழை) வேறு திரெட்டுக்குத் தாவிவிடுகிறது.

கோரூட்டீனை ஒரே திரெட்டில் பூட்டி வைக்கும் லாக்ஓஎஸ்திரெட் போட்டால் சரியாகிறது. ஆனால் லைப்ரரியைச் சுற்றி எழுதிய கோ உறையின் எல்லா இடத்திலும் அதை மறக்காமல் எழுத வேண்டும், நான் மறப்பேன். சி மொழியின் வழக்கமான பிழை எண்ணான எர்னோவை, கோவையும் சியையும் இணைக்கும் சிகோவே பிடித்துத் தருகிறது, இந்த லைப்ரரியின் செய்திக்கு அந்த வசதி இல்லை. பதிலாக, இரண்டு அழைப்பையும் ஒரே சி ஃபங்ஷனுக்குள் வைத்து, செய்தியைப் பிரதி எடுத்துத் திருப்பலாமா? அப்புறம் அந்தப் பிரதியின் நினைவகத்தை எந்தப் பக்கம் விடுவிப்பது நல்லது?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தேக்காவில் தே தாரிக் என் கணக்கு.