மூல ஆவணம் தேடிப் போன பள்ளி வரலாற்றுத் திட்டங்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

மலைத்தோட்ட ஆசிரியை

ஒரு நடுவர் சொன்ன வார்த்தை இன்னும் நெஞ்சில் அறுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. ‘எங்கள் குடியிருப்பு எப்படி வந்தது’ என்பது தலைப்பு. நீலகிரியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964 அக்டோபரில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், பிறகு வனத்துறை 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை. இதை இணையத்தில் பார்த்து எழுதி ஒட்ட ஒரு மாலைப்பொழுது போதும். நான் ஒரே ஒரு விதி வைத்தேன்: வீட்டில் இருக்கும் ஒரு தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு மாணவியின் அப்பாயி தாள்களைக் கொடுத்தனுப்ப மறுத்துவிட்டார். தகரப் பெட்டியோடு அவரே வகுப்புக்கு வந்துவிட்டார். கண்டியில் கொடுத்த கடவுச்சீட்டு ஒன்று, குடும்ப அட்டை ஒன்று. பிள்ளைகள் படம் எடுக்கும்போதும் ஒரு கை அட்டையின் ஓரத்தில்தான் இருந்தது. பேத்திதான் கண்டுபிடித்தாள்: இரண்டு தாளிலும் பிறந்த ஆண்டு வேறு வேறு. அப்பாயி சொல்வதோ மூன்றாவது கணக்கு. 1947இல் இலங்கையில் பெருவெள்ளம் வந்தபோது தான் கைக்குழந்தை என்கிறார்.

“இதில் எது அப்பாயி உண்மை?” என்று கேட்டாள் பேத்தி.

“எழுதினவனைக் கேள்” என்றார் அவர்.

அந்தப் பதிலையே எடுத்துக்கொண்டு அவள் வேலை செய்தாள். யார் எழுதினார்கள், எங்கே எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு தாளையும் அதில் நிரப்பினாள். மாவட்டக் கண்காட்சியில் நடுவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது குடும்பக் கதை. வரலாறு எங்கே?” என்றார். பிள்ளை ஒன்றும் பேசாமல் தாளை மடித்துவிட்டாள்.

5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்பது இரண்டு அரசுகள் மேசையில் பேசி முடித்த எண். அந்த எண்ணுக்குள் அடங்கிப் போன ஒரு மனுஷியின் கைநாட்டு இந்தத் தாளில்தான் இருக்கிறது. இது வரலாறு இல்லையென்றால் வேறு எது?

வடசென்னை அப்பா

வணக்கம் டீச்சர். அந்த நடுவரை மறந்துவிடுங்கள். மூன்று கட்டம் போட்ட பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

என் மகன் எடுத்தது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசிச் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதை. நம் ஊரில் பாட்டி இல்லாத வீட்டிலும் எம்டன் கதை இருக்கும். அவன் நோக்கம் ஒன்றுதான்: ஜெர்மனியிலிருந்து ஆங்கில ஆட்சியை எதிர்த்த விடுதலைப் போராளி செண்பகராமன் அந்தக் கப்பலில் இருந்தார் என்று நிறுவுவது. மனத்தில் முடிவை எழுதிவிட்டுத்தான் தேடக் கிளம்பினான்.

பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களைப் பார்க்க நூலகத்துக்குப் போனோம். குண்டுவீச்சுச் செய்தி இருந்தது, தொட்டிகள் எரிந்தது இருந்தது, ஊரைவிட்டு மக்கள் வண்டி கட்டிப் போனது இருந்தது. பெயர் இல்லை. எம்டனில் பணியாற்றிய அதிகாரி ஹெல்முத் வான் முக்கே 1915இலேயே எழுதிய நேரடி விவரிப்பின் மொழிபெயர்ப்பையும் தேடிப் படித்தான். அவன் பார்த்த பக்கங்களிலும் பெயர் இல்லை.

நான் மறக்காதது அடுத்து அவன் செய்ததைத்தான். கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு கோடு போட்டான். ஒரு கோடு கப்பலுக்கு: ஜூலை 31 சீனத்துச் சிங்தாவிலிருந்து புறப்பாடு, செப்டம்பரில் வங்கக் கடல், நவம்பர் 9 கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் முடிவு. இன்னொரு கோடு மனிதருக்கு: அதே 1914இல் சூரிச், பிறகு பெர்லின். இரண்டும் தொடுகிற இடத்தைத் தேடித்தேடிப் பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. “அப்பா, இவர் எப்போது ஏறியிருக்க முடியும்?” என்றான். முகம் வாடிப்போயிருந்தது. தான் நேசித்த ஒரு கதையைத் தன் கையாலேயே அளந்து பார்க்க ஒரு பையனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

திட்டத்தின் தலைப்பையே மாற்றினான்: ‘செண்பகராமன் எம்டனில் வந்தார் என்ற பேச்சு எப்போது தொடங்கியது?’ அதற்கு இன்னும் விடை தேடுகிறோம்.

நாஞ்சில் வாசகர்

மன்னிக்க வேண்டும், வடசென்னை ஐயா. இதை வாசித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

போர்க்காலப் பத்திரிகை எப்படிப்பட்டது? தணிக்கை உண்டு. ஆள்பவனுக்கு ஆகாத பெயரை அச்சிடுவானா? மேலே அந்த நடுவர் அப்பாயியின் பேச்சைக் குடும்பக் கதை என்று தள்ளினார், எல்லோருக்கும் கோபம் வந்தது. மூன்று தலைமுறையாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதை நீங்கள் ஒரு நாளிதழ்ச் சுருளை வைத்துத் தள்ளுகிறீர்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

1966இல் அவருடைய அஸ்தி குமரிக் கடலில் கரைக்கப்பட்டபோது என் தாத்தா கரையில் நின்றவர். கூட்டத்தில் எம்டன் கதையைச் சொல்லச் சொல்லப் பெண்கள் அழுதார்கள் என்பார். அந்தக் கண்ணீரும் ஒரு சான்றுதான்.

பதிவறையில் இருந்தவன்

வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கொள்ளுத்தாத்தாவின் ஒற்றிப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். ‘தாது வருஷம் ஆவணி மாதம்’ என்று இருந்தது. தாது வருஷப் பஞ்சம் யாருக்குத்தான் தெரியாது? 1876 என்று போட்டு, பஞ்சத்தில் குடும்பம் நிலத்தை அடகு வைத்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டான். பத்திரத்தின் தலைப்பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை. முத்திரையில் மீசை தாடியோடு ஜார்ஜ் மன்னர். விக்டோரியா ராணி இருக்க வேண்டிய இடம் அது! தாது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும், தம்பி. இது 1936. நான் விரலை அந்தத் தலைமேல் வைத்ததும் பையனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

இனி, இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சில சொல்ல வேண்டும். முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். ‘எங்கள் ஊர் வரலாறு’ என்று எடுத்தால் எந்த ஆவணத்தைக் கேட்பது என்றே தெரியாது. ஓர் ஏரி, ஒரு தெரு, ஒரு பத்தாண்டு போதும். அப்புறம் பசலியைக் கற்றுக்கொள்ளுங்கள். வருவாய்க் கணக்கெல்லாம் பசலியில்தான் ஓடும். ஜூலை முதல் நாள் ஆரம்பம், பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. இது தெரியாமல் வந்து, “ஐயா, 1890ஆம் ஆண்டுப் புத்தகம் கொடுங்கள்” என்றால் எடுத்துக் கொடுப்பவருக்கும் சிரமம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எடுத்தவுடன் ஓடாதீர்கள். அது 1909இல் எழுந்த கட்டடம், உள்ளே இருப்பது பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும் போகும். என்ன கேட்பது என்று தெரியாமல் போனால் வெறுங்கையோடுதான் வர வேண்டும். முதலில் உங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அனுமதியோடு பாருங்கள். எந்த ஆண்டில் முதல் பெண் பிள்ளை சேர்ந்தாள், எந்த ஆண்டில் பாதிப் பிள்ளைகள் நடுவில் நின்றார்கள், தகப்பன் தொழில் என்ன? ஒரு நல்ல திட்டத்துக்கு அது ஒன்றே போதும். ஆனால் அதில் சாதிக் கலமும் உண்டு. பெயரோடு சேர்த்து அதை எடுத்து எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே ஊரில்தான் வாழ்கின்றன.

பிறகு கிராமத்து ‘அ’ பதிவேடு. எந்தப் புல எண் ஏரி, எது தோப்பு, எது புறம்போக்கு என்று அதில் தெரியும். இன்று அங்கே நிற்கும் கட்டடத்தையும் போய்ப் பாருங்கள். எடுத்து எழுதும்போது பிழை இருந்தாலும் பிழையோடு எழுதுங்கள். உங்கள் கருத்தைத் தனித்தாளில் எழுதுங்கள். மை பேனாவைப் பதிவேட்டின் பக்கமே கொண்டு போகாதீர்கள், பென்சில் போதும். எந்த அலுவலகம், எந்தக் கட்டு, எந்தப் பக்கம் என்பதை அன்றே குறித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் தாள் திரும்பக் கிடைக்காது.

மலைத்தோட்ட ஆசிரியை அவர்களுக்கு ஒரு வார்த்தை: வயதை ஊகித்து எழுதுவது அந்தக் காலத்து எழுத்தருக்கு வாடிக்கை. இரண்டு ஆண்டும் ஊகமாக இருக்கலாம். வெள்ளக் கணக்குதான் எனக்கு உறுதியாகப் படுகிறது.

தீவுக்காரன்

எனக்கு இராமேசுவரம். கல்லூரி முதலாண்டு. பள்ளியில் செய்தது தனுஷ்கோடியை அழித்த புயல், 1964 டிசம்பர் 22 இரவு.

கேள்வித்தாளை நன்றாகவே தயாரித்திருந்தேன். பாம்பனிலிருந்து போன ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள், ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள். செய்தித்தாள்களில் நாளுக்கு ஓர் எண் வந்ததால், பிழைத்த பெரியவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடலாம் என்று போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தார். இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவது முறை கேட்டதும் வலையைக் கீழே வைத்தார்.

“எத்தனை பேர் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள் தம்பி. யார் யார் என்று ஒருவனும் கேட்கவில்லை.”

அன்று சாயங்காலம் வரை அவர் தெரு தெருவாகப் பெயர் சொன்னார். தபால் ஆபீஸ் பக்கம் யார் வீடு, மாதா கோயில் பக்கம் யார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது என்று சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு வீட்டுக்கு வந்து, கொண்டுபோன கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டேன். அந்தப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டார்கள் என்று நாளைக்கூட எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தெருப் பெயர்ப்பட்டியலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பதிவறை ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தாளே கடலுக்குள் போய்விட்ட ஊரில் எந்தப் பதிவேட்டைக் கேட்பது?

பதினொன்றாம் வகுப்பு மாணவியின் அம்மா

தாது வருஷம் என்று பார்த்ததும் எழுத வந்தேன். என் மகள் செய்தது அந்த 1876-78 பஞ்சம்தான்.

எல்லோரும் பகிர்கிற அந்தப் புகைப்படங்கள் உங்களுக்குத் தெரியும். எலும்பும் தோலுமாக மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எடுத்தவர் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி. மகள் அதை முகப்பு அட்டையில் வைப்பதற்காகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அம்மா, இவர்களை யாரோ உட்கார வைத்திருக்கிறார்கள்” என்றாள். உயரம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். சோறில்லாமல் கிடந்தவர்களை எழுப்பி, அசையாதே என்று சொல்லி எடுத்த படம். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. படத்தை அட்டையில் வைக்கவும் இல்லை.

அதன் பிறகுதான் எழுத்து ஆவணங்களுக்குப் போனாள். நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று, வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வெட்டினார். அது உயிரைக் காக்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். இரண்டு பேரும் ஒரே ஆங்கில ஆட்சியின் அதிகாரிகள்! சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தவும் செய்தது. ‘ஆங்கிலேயர் கருத்து’ என்று ஒரே வரியில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இருவர் வாதத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தாள். பக்கிங்காம் கால்வாய் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதில் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

தீவுக்காரத் தம்பி, அந்தப் பெயர்ப்பட்டியலைத் தயவு செய்து இரண்டு மூன்று படி எடுத்து வையுங்கள்.

காவிரிக்கரை

எங்களுக்குக் கல்வெட்டு. கோயில் பின்சுவரில் இருந்ததாக அச்சான தொகுதியில் வாசகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போனோம். திருப்பணியில் மணல் வீசிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கல் பளபளவென்று இருந்தது. ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி ‘ஸ்வஸ்திஸ்ரீ’யின் முதலெழுத்து மட்டும் தெரிகிறது என்றான். முன்பு யாரோ ஈரத்தாள் ஒட்டி மைப்படி எடுத்து வைத்ததால் வாசகம் பிழைத்தது. இனி அந்தப் படிதான் எங்களுக்கு மூலம். உங்கள் ஊரில் திருப்பணி தொடங்குவதற்கு முன்பே சுவரை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

வடசென்னை அப்பா

நாஞ்சில் ஐயா, தாத்தா பேச்சை நான் தள்ளவில்லை. 1966இல் குமரிக் கரையில் கூட்டம் என்ன பேசிற்று என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. என் மகன் தேடுவதே அதைத்தான். 1914இல் கப்பலில் யார் இருந்தார் என்பதற்கு மட்டும் அது சாட்சி ஆகாது. அப்பாயி தன் கப்பலைப் பற்றிச் சொல்கிறார். உங்கள் தாத்தா தான் பார்க்காத கப்பலைப் பற்றிக் கேட்டதைச் சொல்கிறார். வேறுபாடு அதுதான். தணிக்கை பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதனால்தான் ஜெர்மானியர் எழுதியதையும் படித்தான்.

நாஞ்சில் வாசகர்

சூரிச் விஷயத்தை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. படித்துவிட்டு வருகிறேன்.

தாத்தா இப்போது இல்லை. அவருடைய தங்கை இருக்கிறார், அன்று அவரும் கரைக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பதிவு செய்கிறேன். டீச்சர், எந்தக் கேள்வியில் தொடங்கட்டும்?

மலைத்தோட்ட ஆசிரியை

எம்டன் என்ற பெயரை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள் ஐயா. அன்று காலையில் வீட்டிலிருந்து எப்படிப் போனார்கள், பஸ்ஸா வண்டியா, யார் கூட வந்தார்கள், வெயிலா மழையா என்று கேளுங்கள். கூட்டத்தில் யார் பேசினார்கள் என்பதற்கு அவராகவே வரட்டும். கப்பல் கதையும் அவராகச் சொல்கிறாரா என்று பார்த்து, எந்த நிமிடத்தில் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.