அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு வாய்வழி நுண்ணுயிர் மருந்து: வடசென்னைப் பெற்றோரின் அனுபவங்கள்

எண்ணூர்த் தாய்:

என் மகனுக்கு மாதம் தவறாமல் சளி, பிறகு நெஞ்சில் கோழை, பிறகு ஆன்டிபயாடிக் என்று ஓடிக்கொண்டிருந்ததால் மருத்துவர் ஓஎம்-85 என்ற, செத்த கிருமிகளின் துணுக்குகளால் ஆன கேப்சூல் மருந்தை எழுதிக் கொடுத்தார். மாதத்தில் பத்து நாள் வீதம் மூன்று மாதம் என்ற அந்தக் கணக்கு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். என் மனத்தை இன்னும் உறுத்துவது முதல் நாள் காலை. 3.5 மில்லிகிராம் கேப்சூலைத் திறந்து, பொடியைக் கரண்டிப் பாலில் கரைத்து அவன் வாயருகே கொண்டு போனபோது, அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "செத்த கிருமின்னாலும் கிருமிதானேம்மா, வெறும் வயித்துல பிள்ளைக்குக் குடுப்பாங்களா?" என்றார். பால் அவனுடைய சட்டைக் காலரில் சிந்தியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எங்கள் பகுதிப் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது, கைக்குழந்தையாக இருந்த இவனை ஈரத்துணியால் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். எனவே அவருடைய அச்சத்தை நான் குறைவாக எண்ணவில்லை. மருந்தை முழுவதும் கொடுத்தோம், அந்த மழைக்காலம் முன்பைவிட நன்றாகவே கழிந்தது. ஆனாலும் அன்று அத்தைக்குப் புரியும்படி ஒரு பதில் என் வாயில் வரவில்லை.

ராயபுரம் அப்பா:

எங்களுக்கு நேர்ந்தது மருந்துக்கடையில். மகளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்த மாலையில் இதே மருந்துக்கான சீட்டை நீட்டினேன். கடையில் இருந்தவர், இதை இன்றிரவே இரண்டு கேப்சூலாகக் கொடுத்தால் காலைக்குள் சளி இறங்கிவிடும் என்று அத்தனை உறுதியாகச் சொன்னார். ஐயம் வந்து மருத்துவரை அழைத்தேன். வந்துவிட்ட காய்ச்சலை இது தொடாது, அடுத்த முறை வராமல் தடுக்க மட்டுமே இது, காய்ச்சல் முழுதாக விட்ட பிறகு தொடங்குங்கள் என்றார். ஐரோப்பிய மருந்து முகமையும் 2019இல் இதையே தெளிவாக வரையறுத்திருக்கிறது: ஏற்கெனவே வந்த தொற்றுக்கு இதைக் கொடுக்கக் கூடாது, நிமோனியாவைத் தடுக்கவும் இதை நம்பக் கூடாது. அந்தக் கடையில் எத்தனை பேர் அப்படிக் கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

கொடுங்கையூரிலிருந்து:

சகோதரி, மழைக்காலம் நன்றாகக் கழிந்ததற்குக் கேப்சூல்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பிள்ளைகள் வளர வளரச் சளி தானாகவே குறைகிறது. என் மகனும் மூன்று மாதம் சாப்பிட்டான். எங்கள் பகுதிக் குப்பைமேடு புகைந்த ஓர் இரவில், மருந்துப் பெட்டி அலமாரியில் இருக்க, அவன் விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுக்க மூச்சு வாங்கினான். நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். புகைக்கு எதிராக எந்தக் கேப்சூலும் இல்லை.

தண்டையார்பேட்டை செவிலியர்:

கொடுங்கையூர் அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். புகையும் அமோனியாவும் மூச்சுக்குழாயை நேரடியாக எரிச்சலூட்டுகின்றன. அது தொற்று அல்ல, அதற்கு இந்த மருந்து உதவாது. ஆனால் பயனே இல்லை என்பது சரியல்ல. அடிக்கடி தொற்றுக்கு உள்ளாகும் பிள்ளைகளிடம் இவ்வகை மருந்துகள் தொற்றுகளைச் சராசரியாக 40 சதவீதம் குறைத்ததாக 2012இல் வெளிவந்த, பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு கூறுகிறது. அதே ஆய்வு, ஆதாரமாகக் கொண்ட பல சோதனைகளின் தரம் குறைவு என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்த தாய் ஒருவர் கேப்சூல் அட்டையை என் மேசை மீது வைத்து, "இதுலயே நிமோனியா கிருமி இருக்குன்னு போட்டிருக்கு, அப்புறம் ஊசி எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்டார். அட்டையை எடுத்துக்கொண்டு, குழந்தையுடன் எழுந்தும் விட்டார். வாசல்வரை பின்னால் போய்ப் பேசித்தான் திருப்பி அழைத்து வந்தேன்.

அதனால் கேட்காமலேயே சிலவற்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் ஆகிய மூன்று முறை போடும் நிமோகாக்கல் ஊசி, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிகளில் குறிப்பிட்ட வகைகளுக்கு எதிரான நினைவாற்றலை உடலில் உருவாக்குகிறது. 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே போடப்படுகிறது. ஓஎம்-85 அந்த இடத்தை நிரப்பாது. எண்ணூர்ச் சகோதரியின் அத்தைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அதில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை, எட்டு இனங்களைச் சேர்ந்த 21 வகைக் கிருமிகளை உடைத்து எடுத்த துணுக்குகளே இருக்கின்றன. சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் என்னும் காவல் திசுக்கள் உள்ளன. அங்கே இத்துணுக்குகளை அடையாளம் கண்டுகொள்ளும் எதிர்ப்பு உயிரணுக்கள் இரத்தத்தின் வழியே மூச்சுப்பாதைக்கும் போய்ச் சேர்கின்றன. வயிற்றில் கொடுப்பது நெஞ்சுக்கு உதவுவது இவ்வழியில்தான். பெரியவர்களுக்கான 7 மில்லிகிராம் கேப்சூலைப் பாதியாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு ஆண்டில் ஆறேழு முறை சாதாரணச் சளி பிடிப்பது இயல்பு. அதற்கெல்லாம் இது தேவையில்லை. எடை ஏறாமலும், நிமோனியா திரும்பத் திரும்ப வந்தும் இருந்தால், கேப்சூலைத் தேடுவதற்கு முன் ஆஸ்துமா, காசநோய், எதிர்ப்புச் சக்திக் குறைபாடு ஆகியவற்றுக்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கொசுவர்த்தியும் சிகரெட்டும் வேண்டாம்.

கொடுங்கையூரிலிருந்து:

சிஸ்டர், கொசுவர்த்தியை நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டன. சன்னல் வழியே வரும் புகையை நான் எப்படி நிறுத்துவது? ஆஸ்துமா பரிசோதனை மட்டும் இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எந்த வயதிலிருந்து ஊதிப் பார்க்கும் சோதனை செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை செவிலியர்:

பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதிலிருந்து பிள்ளைகளால் ஒழுங்காக ஊத முடியும், அண்ணா. அதற்கும் சிறியவன் என்றால், வீசிங் வந்த நாட்களையும் எந்த மருந்துக்கு அடங்கியது என்பதையும் எழுதிக் கொண்டு போங்கள். மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்வார்.