சேற்றில் கிடந்த எட்டு மணி நேரம்

சென்ற நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் லிட்டில் மட் ரிவரில் எங்கள் பாய்மரப் படகு தரைதட்டியது. சின்னச் சேற்றாறு என்று பெயரே எச்சரிக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் உயர்ந்து நிற்கும்போதுதான் அதைக் கடக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அன்று நங்கூரம் எடுக்கவே தாமதமாகிவிட்டது. நீர் வற்றத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் போய்விடலாம் என்று நினைத்தேன். தவறு முழுக்க என்னுடையது.

இந்த வழியை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை ஏறத்தாழ 1,090 மைல், பெரும்பாலும் திறந்த கடலில் இறங்காமலேயே படகில் போகலாம். ஆறுகள், உப்பங்கழிகள், வெட்டிய கால்வாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த நீர்வழி அது. இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்பார்கள். பக்கிங்காம் கால்வாயில் தோணிகள் போன காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். அக்டோபர், நவம்பரில் குளிருக்குத் தப்பித் தெற்கே இறங்கும் படகுகளை வழியெங்கும் பார்க்கலாம். நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் எட்டு வயது மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம்.

ஜார்ஜியாக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏழு, எட்டு அடி. எங்கள் படகுக்கு ஐந்தடி ஆழமாவது வேண்டும். காலை 9.40-க்கு, ஓசையே இல்லாமல், மெத்தையில் அமர்வதுபோல நின்றுவிட்டது. நான் பதறிப்போய் எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கினேன். பின்னால் காப்பி நிறத்தில் சேறு கிளம்பியது, படகு அசையவில்லை.

அப்போது ரேடியோவில் ஒரு குரல் எங்கள் படகின் பெயரைச் சொல்லி அழைத்தது. அரை மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த இறால் படகு. அந்த மனிதரின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. வயதான குரல், அவசரமே இல்லாத பேச்சு. "முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். குளிர்விக்கும் குழாய் சேற்றை உறிஞ்சிக்கொள்ளும். நங்கூரத்தைச் சிறு படகில் கொண்டுபோய் ஆழமான பக்கத்தில் போடுங்கள். படகு ஆழமில்லாத சேற்றுத் திட்டின் பக்கமாகச் சாயட்டும், ஆழத்தின் பக்கம் சாயவிடாதீர்கள். ஆறு மணிக்குள் தண்ணீரே உங்களைத் தூக்கிவிடும்." பிறகு, "குழந்தைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் நண்பகலுக்குப் பிறகு எதிர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

சொன்னபடியே செய்தோம். பாய்த்தண்டைத் திட்டின் பக்கமாகத் தள்ளிக் கட்டினோம். தண்ணீர்க் குடங்களையும் அந்தப் பக்கமே நகர்த்தினோம். திட்டின் பக்கம் சாய்ந்தால் திரும்பி வரும் நீர் படகின் அடிவயிற்றில் மோதும், மேல்தளத்துக்குள் புகாது. தாழ்ந்த பக்கத்து ஜன்னல்களையும் குழாய் வால்வுகளையும் மூடினேன். பன்னிரண்டு மணிக்குள் படகு ஒருக்களித்துப் படுத்துவிட்டது. நடப்பதற்குத் தரை இல்லை, அலமாரிக் கதவுகள்மேல்தான் நடந்தோம்.

ஒரு மணிக்கு மேல், எதிர்க்கரையில் நீர் வற்றி, சரிவான சேற்றுக்கரை பளபளவென்று வெளியே வந்திருந்தது. முதலில் நான்கு முதுகுகள் தெரிந்தன. டால்பின்கள் வரிசையாகக் கரையை நோக்கிப் பாய்ந்தன. அவை தள்ளிய அலை மடவை மீன்களை அள்ளிக்கொண்டுபோய்ச் சேற்றில் வீசியது. அதன் பின்னாலேயே நான்கும் முழு உடலோடு கரையேறி வழுக்கின. பாதி உடல் வெயிலில் கிடக்க, துள்ளும் மீன்களைக் கவ்வி விழுங்கிவிட்டு, நெளிந்து நெளிந்து தண்ணீருக்குத் திரும்பின. கொக்குகள் முன்கூட்டியே வந்து நின்றன, மிச்சம் பொறுக்க. தாடைகள் மூடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. சேற்றில் நான்கு வழவழப்பான தடங்கள், வாழைமட்டையை இழுத்துப்போனதுபோல.

ஐந்தாறு முறை நடந்தது. மூன்றாவது முறையில் என் மகள்தான் கவனித்தாள்: "அப்பா, எல்லாமே வலப்பக்கமாகத்தான் படுக்கின்றன." உண்மை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். ஜார்ஜியா, தென் கரோலினா கழிகளில் வாழும் டால்பின்கள் இப்படி வேட்டையாடுகின்றன. ஏறக்குறைய எப்போதும் வலப்பக்கமாகவே படுப்பதால் அந்தப் பக்கத்துப் பற்கள் சேற்றில் தேய்ந்துபோகின்றனவாம். தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும் வித்தை. சரியான நேரத்தில் கடந்திருந்தால் அந்தக் கரை நீருக்கடியில் இருந்திருக்கும்.

5.50-க்கு, சூரியன் மறைந்து சிறிது நேரத்தில், படகு மெல்லச் சிலிர்த்து நிமிர்ந்தது. நங்கூரக் கயிற்றை இழுத்து ஆழத்துக்கு நகர்ந்தோம். ரேடியோவில் மறுபடியும் அதே குரல்: "மிதந்துவிட்டீர்களா? பார்த்தார்களா?" பார்த்தார்கள் என்றேன். "நல்லது" என்றார், அவ்வளவுதான்.

மறுமொழி 1

படித்துவிட்டு எனக்கும் ஒரு குரல் நினைவுக்கு வந்தது. வட கரோலினாவில் அலிகேட்டர், பங்கோ ஆறுகளை இணைக்கும் கால்வாய் இருபது மைலுக்கும் மேல் நீளம், கோடு போட்டதுபோல் நேராகப் போகும். கரையோரம் நீருக்கடியில் மரக்கட்டைகள் கிடக்கும், அதனால் ஒதுங்கவும் பயம். எதிரே ஒரு இழுவைப் படகு, முன்னால் பெரிய சரக்குத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. ரேடியோவில் 13-ஆம் அலைவரிசையில் அழைத்தேன். "ஒன் விசில், கேப்டன்" என்றார் இழுவைப் படகின் ஓட்டுநர். இருவரும் இடப்பக்கம் இடப்பக்கமாகக் கடப்போம் என்பது அதன் பொருள்; ஒரு குறுகிய ஊதலுக்கு அப்படித்தான் விதி. என் மனைவி சுக்கானைப் பிடித்திருந்தார், முதல் தடவை. நான் அதைச் சொன்னதும் அந்தப் பெரிய தெப்பம் வேகம் குறைந்தது, அவ்வளவு தூரத்திலிருந்தே. நாங்கள் கடந்து முடிக்கும்வரை அந்த ஓட்டுநர் எஞ்சினை மெதுவாகவே வைத்திருந்தார். அவருக்கு அதனால் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று இப்போதும் நினைத்துப்பார்க்கிறேன்.

மறுமொழி 2

ஒரு சந்தேகம். படகு அப்படிச் சாய்ந்து கிடந்தபோது பிள்ளைகள் பயப்படவில்லையா?

முதல் பதிவு எழுதியவர்

மகன் பயந்தான். படகு சாயச் சாய, நிமிரவே நிமிராதோ என்று இரண்டு முறை கேட்டான். அவன் அம்மா ஒரு குச்சியில் கோடுகள் கீறிச் சேற்றில் நட்டு, ஒவ்வொரு கோடாக நீர் இறங்குவதைக் குறிக்கச் சொன்னார். 1.45-க்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு குச்சியின் அடியில் ஈரம் ஏறியது. "வந்துவிட்டது!" என்று அவன் கத்தியது கரைக் கொக்குகளையே எழுப்பிவிட்டது. அந்தக் குச்சி இன்னும் படகில் இருக்கிறது.