டைனிஇன்ட், ஸ்மால்இன்ட்: இன்னும் மனதில் உறுத்தும் சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

நள்ளிரவு_க்வெரி
மைஎஸ்க்யூஎல். வகைகளுக்கான டேபிள், ஐடி டைனிஇன்ட் (ஒரே பைட் முழு எண், -128 முதல் 127 வரை), ஆட்டோ இன்க்ரிமென்ட் (அடுத்த எண்ணை டேட்டாபேஸே தரும்). முந்தைய குழு வடிவமைத்தது. உள்ளே நூறு வரிசைகூட இல்லை. புது வகை ஒன்றைச் சேர்க்கப் போனால் 'டூப்ளிகேட் என்ட்ரி 127' என்கிறது. நாங்கள் 127 என்று எதையும் அனுப்பவே இல்லை! வெகுநேரம் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தோம். தினமும் இரவில் ஓடும் இறக்குமதி, இன்சர்ட் இக்னோர் (மோதும் வரிசையைப் பிழையில்லாமல் விட்டுவிடும் கட்டளை) போட்டுக்கொண்டிருந்தது. பெயர் ஏற்கெனவே இருந்தால் வரிசை சேராது, ஆனால் எடுத்த எண்ணை இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதி) திருப்பி வைக்காது. அப்படியே கரைந்து கரைந்து உச்சத்தில் முட்டிவிட்டது.

அளவுமானி
உங்களுக்குப் பிழைச் செய்தியாவது வந்தது. எங்களுடையது இயந்திர வெப்பநிலை, அதுவும் டைனிஇன்ட். பழைய சர்வர், ஸ்ட்ரிக்ட் மோட் (எல்லை மீறிய மதிப்பை மறுக்கும் அமைப்பு) இல்லை. 127-ஐத் தாண்டியதையெல்லாம் 127 என்றே எழுதி வைத்திருக்கிறது. வார்னிங் மட்டும் வந்திருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஏற்றமும் கத்தரித்த வேலி மாதிரி ஒரே உயரத்தில் நிற்கிறது. மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே வருகிறது, சரி. ஆனால் அந்த உண்மையான அளவுகள் போனது போனதுதான்.

பைட்_கணக்கு
இருவரும் டைனிஇன்ட் மேல் பழி போடுவதை ஏற்க முடியவில்லை. முதலாவது ஆட்டோ இன்க்ரிமென்ட் பிரச்சினை, இரண்டாவது ஸ்ட்ரிக்ட் மோட் பிரச்சினை. என் கதை சின்னது: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு பெரிய டேபிளில் இன்ட்டை (4 பைட்) ஸ்மால்இன்ட் (2 பைட்) ஆக்கினார்கள். அளவைப் பார்த்தால் முன்னும் பின்னும் ஒரே எண். அடுத்த ஃபீல்டு பிக்இன்ட் (8 பைட்). அது 8-இன் மடங்கில்தான் தொடங்கும், அதனால் மிச்சமான 2 பைட்டும் வெற்றிடமாகவே போய்விட்டது.

சின்ன வகை வேண்டும் என்றால் முதலில் ஃபீல்டுகளின் வரிசையைப் பாருங்கள்: 8 பைட், பிறகு 4, பிறகு 2. மைஎஸ்க்யூஎல்லில் இந்தத் தொல்லை இல்லை. 100 கோடி வரிசையில் இன்ட்டை டைனிஇன்ட் ஆக்கினால் டேபிளிலேயே 300 கோடி பைட் மிச்சம், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருந்தால் அதிலும் குறையும். இன்னொன்று, இன்னோடிபியில் பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் ஐடி) ஒவ்வொரு செகண்டரி இண்டெக்ஸிலும் நகலாக உட்கார்ந்திருக்கும். எதிர்மறை எண் வராது என்றால் அன்சைன்ட் போடுங்கள், 255 வரை கிடைக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் டைனிஇன்ட் எப்போதுமே 0 முதல் 255 வரைதான், அங்கே -1 வைக்கவே முடியாது. போஸ்ட்கிரெஸில் டைனிஇன்ட்டும் இல்லை, அன்சைன்டும் இல்லை. நிலை, நட்சத்திர மதிப்பீடு, மாதம் இதற்கெல்லாம் சின்னதே சரி. போதவில்லை என்றால் பிறகு ஆல்டர் செய்துகொள்ளலாம், அதாவது ஃபீல்டின் வகையை மாற்றலாம்.

ஜாவா_பக்கம்
டைனிஇன்ட்(1) பற்றி யாரும் சொல்லவில்லையே. அடைப்புக்குள் இருக்கும் 1 எல்லையே இல்லை, 127 வரை தாராளமாக ஏற்கும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவர் அதைப் பூலியன் (ட்ரூ, ஃபால்ஸ் மட்டுமே) என்று எடுத்துக்கொள்கிறது. ஆர்டர் நிலை 1 என்றால் அனுப்பியது, 2 என்றால் ரத்து. திரையில் இரண்டுமே 'ட்ரூ'. ரத்தான ஆர்டர்கள் அனுப்பிய பட்டியலில் நின்றன. டைனிஇன்ட்1இஸ்பிட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கியதும் சரியானது.

நள்ளிரவு_க்வெரி
@பைட்_கணக்கு, "பிறகு ஆல்டர் செய்துகொள்ளலாம்" என்பதை மட்டும் விட முடியாது. போஸ்ட்கிரெஸில் ஸ்மால்இன்ட்டை இன்ட் ஆக்கினால் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும், அது முடியும்வரை செலக்ட்கூட (வெறுமனே வாசிக்கும் கட்டளை) நிற்கும். புது ஃபீல்டு சேர்த்து, பழையதில் வரும் மாற்றம் புதியதிலும் எழுதப்பட டிரிக்கர் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்து, கடைசியில் பெயரை மாற்றுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் யாரும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.