மேல்மறிப்பு: உள்ளூராட்சியும் சுடுகலன் விதியும்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நகரசபைகள் துப்பாக்கி விதி போடுவதை மாநிலச் சட்டம் தடுப்பதற்கு ‘பிரீஎம்ப்ஷன்’ (preemption) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘முன்னுரிமை’ என்றே வைத்துவிடலாமே. பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் இங்கே இடைஞ்சல், ஐயா. முன்னுரிமை என்றால் இரண்டு பேருக்கும் உரிமை உண்டு, ஒருவர் முதலில் போகிறார் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். அமெரிக்கச் சட்டத்தில் ‘பிரீஎம்ப்ஷன்’ அப்படியல்ல. இந்த விடயத்தில் நீ விதி செய்யவே கூடாது என்று மாநிலம் நகரசபையின் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

கொலராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். நகரங்கள் தனித்தனியாகத் துப்பாக்கி விதி போடுவதை 2003 இல் மாநிலச் சட்டம் தடுத்தது. போல்டர் நகரம் 2018 இல் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. அது மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று 2021 மார்ச்சில் நீதிபதி நிறுத்தினார். பத்து நாளில் அதே நகரத்துப் பல்பொருள் அங்காடியில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நகரத்தின் தடை நடைமுறையில் இருந்திருந்தால் அது நடந்திராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சனம் தங்கள் சபையைக் கொண்டு செய்துகொண்ட விதியை மேலே இருந்து மறித்தது உண்மை. ‘முன்னுரிமை’ என்ற சொல்லில் அந்த மறிப்பு எங்கே இருக்கிறது?

‘முற்கொள்ளல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது தேசவழமைக்காரருக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு, தேவையான சொல். காணி விற்கும்போது கூட்டுப் பங்காளியை முதலில் கேட்க வேண்டும் என்கிற உரிமைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 1947 இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘மேல்மறிப்பு’. மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை செய்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மேல் வட்டைக்காரர் (மேல்பக்க வயல்வெளிக்காரர்) இரவில் வைக்கோலையும் சேற்றையும் போட்டு வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். விடிய வந்து பார்த்தால் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். “மேல மறிச்சுப் போட்டானுகள், மறுகா எங்க தண்ணி வாறது?” என்று பெரியப்பா மண்வெட்டியோடு தண்ணீர் பங்கிடுகிற வட்டை விதானையைத் தேடிப் போவார். இந்தச் சட்டத்தில் நடப்பதும் அதுதான்.

> புணர்ச்சிப்படி ‘மேன்மறிப்பு’ அல்லவா?

இலக்கணப்படி சரி. ஆனால் பிரித்து எழுதினால்தான் ‘மேல்’ கண்ணில் படும். ‘மேன்மை’ நினைவுக்கு வந்துவிட்டால் சொல் கெட்டுப் போகும்.

இன்னொன்று, அமெரிக்க நகரங்களின் ‘ஓர்டினன்ஸ்’. இலங்கையில் ‘கட்டளைச் சட்டம்’ என்றால் நமக்கு 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் மாதிரி நாடு முழுவதற்குமான சட்டம். நகரசபை போடுவதை ‘துணைவிதி’ என்றே எழுதுவோம். ‘சுடுகலன்’ சட்ட எழுத்துக்கு இருக்கட்டும். பேசும்போது துவக்குத்தான்.

சரி, நமது நிலைமைக்கு மேல்மறிப்பு பொருந்துமா? பொருந்தாது என்றே நினைக்கிறேன். பெரியப்பாவின் ஒற்றைக்குழல் துவக்குக்கு வருடாவருடம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்த்தான் அனுமதிப்பத்திரம் புதுப்பித்தார். பிரதேச சபை வாசலை மிதிக்கவே இல்லை. மறிப்பதென்றால் கீழே முதலில் வாய்க்கால் இருக்க வேண்டுமே. பரணில் இருந்து பன்றி, யானைக்குக் காவல் காக்கிற வெல்லாவெளிக்காரருக்கும் கல்லடிக் கடற்கரை வீட்டுக்காரருக்கும் துவக்கு ஒரே பொருளல்ல. பற்றைக்குள் கட்டுத்துவக்கு (மிருகம் தட்டினால் தானே வெடிக்கிற பொறித்துவக்கு) வைத்து ஆட்களின் கால் போவது எந்தப் பாதையில் என்று அந்த ஊர்ச் சபைக்குத்தான் தெரியும். அந்தச் சபைக்கு ஒரு சொல்லாவது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் இல்லாத அதிகாரத்தை ‘மறித்தார்கள்’ என்று எழுதினால் கலைச்சொல் பொய் சொல்லும்.

2021 யூனில் கொலராடோ தன் மறிப்பை எடுத்துவிட்டது. இப்போது உள்ளூர் விதி மாநில விதியைவிட இறுக்கமாக இருக்கலாம், தளர்வாக இருக்கக் கூடாது. இந்தக் கீழெல்லைக்கு ‘அடிவரம்பு’ என்று வைக்கிறேன். வயல் வரம்பை வெட்டித் தாழ்த்தக் கூடாது, உயர்த்திக் கட்டலாம்.

புளோரிடா வகைக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. அங்கே 2011 இல் இருந்து, மறிப்பை மீறி விதி போடுகிற உள்ளூர் அதிகாரிக்கு 5,000 டொலர் வரை அபராதம், பதவியும் போகலாம். ‘தண்ட மேல்மறிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘தண்டமாக’ என்ற பேச்சுப் பொருள் குறுக்கே வருகிறது. ‘ஒறுப்பு மேல்மறிப்பு’ எப்படி?