நூர்பர்க்ரிங் பந்தயத் தடம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

கேள்வி: மலைவளைவு (கோலோன்)

ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில் உள்ள நூர்பர்க்ரிங் பந்தயத் தடம் குறித்து உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நான் கோலோன் நகரில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது அங்கே சென்று, பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில், தடத்தின் பழைய நீண்ட மலைச்சுற்றான வடக்குச் சுற்றில் என் சொந்தக் காரை ஓட்டிவிட்டுத் திரும்புவேன். சென்ற மாதம் அருகிலுள்ள ஆடெனௌ ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, காலை உணவு மேசையில் உள்ளூர்ப் பெரியவர்கள் இருவர், இந்தத் தடத்தை விற்றது சரியா தவறா என்று காபி ஆறிப்போகும் வரை வாதாடிக்கொண்டிருந்தார்கள். விற்பனை முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சூடு தணியவில்லை.

தடத்தை நடத்திவந்த நிறுவனத்தில், அது அமைந்துள்ள ரைன்லாந்து-பலட்டினேட் மாநிலத்தின் அரசுக்கு 90 விழுக்காடும் ஆர்வைலர் மாவட்டத்துக்கு 10 விழுக்காடும் பங்கு இருந்தது. 2012 ஜூலையில் அந்நிறுவனம் திவாலானது. 2014 மார்ச்சில் காப்ரிகார்ன் என்னும் தனியார் நிறுவனத்துக்குத் தடம் 7 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் பெரும்பங்கு ரஷ்யத் தொழிலதிபர் விக்டர் கரிட்டோனின் கைக்கு மாறியது. அரசு நடத்தியபோது கடன் ஏறியது, தனியார் கைக்குப் போன பிறகு தடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வெளியிலிருந்து பார்க்கும் எனக்குத் தோன்றுவது. அப்படியிருக்க, இது பொதுச் சொத்தாகவே நீடித்திருக்க வேண்டும் என்று இத்தனை பேர் ஏன் இன்னும் சொல்கிறார்கள்?

மறுமொழி 1: காட்டோரம் (ஐஃபல்)

தம்பி, அரசு நடத்தியதால் கடன் ஏறியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தக் கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இத்தடம் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்காகப் பிறந்தது அன்று. 1920களில் ஆடெனௌ வட்டாரம், ஜெர்மனியின் அன்றைய பெரிய மாநிலமான பிரஷ்யாவிலேயே மிக வறிய பகுதிகளில் ஒன்று. கல்லும் காடும் தவிர அங்கே வேறொன்றும் விளையவில்லை. வட்டார ஆட்சித் தலைவர் ஓட்டோ கிரொய்ட்ஸ், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டமாகவே இதை முன்வைத்தார். அப்போது கோலோன் மேயராக இருந்த கொன்ராட் அடினாவர் அதற்குத் துணை நின்றார். 1925 இலையுதிர்காலத்தில் தொடங்கி, ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மலையை வெட்டி, 1927 ஜூனில் 28 கிலோமீட்டர் நீளமான தடத்தை முடித்துக் கொடுத்தார்கள். மக்கள் வரிப்பணத்தில், மக்கள் உழைப்பில் எழுந்த அந்த வேலையில் இந்தச் சிற்றூர்க் குடும்பங்கள் பலவற்றின் பாட்டன்மாரும் கல் சுமந்தவர்கள். விடுதியில் நீங்கள் கண்ட பெரியவர்களின் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இனி கடனுக்கு வருவோம். தடத்தைப் பராமரித்ததால் மாநிலம் இந்த நிலைக்கு வரவில்லை. '2009 திட்டம்' என்ற பெயரில், பந்தயத்தோடு தொடர்பில்லாத கேளிக்கை மையம், தங்கும் விடுதிகள், கடைத்தெரு, மதுக்கூடங்கள் என்று ஏறத்தாழ 33 கோடி யூரோவைக் கொட்டினார்கள். தனியார் முதலீடு வரும் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள்; அது வராமல் போனதும் 2009 ஜூலையில் மாநில நிதியமைச்சர் பதவி விலகினார், சுமை முழுவதும் அரசின் தலையில் விழுந்தது. பிரதான நேர்பாதையின் ஓரமாக அமைத்த அதிவேக ராட்டினத் தொடர்வண்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2009இல் சோதனை ஓட்டத்தின்போதே விபத்துக்குள்ளான அது, 2013இல் சில நாட்கள் மட்டும் ஓடிவிட்டு நின்றுபோனது. அதற்குச் செலவழித்த பணத்தில் எத்தனை கிலோமீட்டர் தடுப்புவேலியை மாற்றியிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பொதுச் சொத்தை அதன் நோக்கத்திலிருந்து பிடுங்கி வேறெதற்கோ அடகு வைத்தார்கள். அந்தப் பிழைக்குத் தண்டனையாகச் சொத்தையே விற்றது எனக்கு இன்றுவரை நியாயமாகத் தெரியவில்லை.

மறுமொழி 2: பற்சக்கரம் (ஸ்டுட்கார்ட்)

ஐயா சொல்லும் வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை, முடிவில்தான் மாறுபடுகிறேன். நோக்கத்தைக் கைவிட்டவர்கள் யார்? மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதானே! வாக்குக்காகவும் திறப்புவிழாப் புகைப்படத்துக்காகவும் பெரிய கட்டடங்களை எழுப்பும் ஆசை எந்த அரசுக்கும் வரும். அந்த ஆசைக்கு ஆட்படாத ஒருவர் கையில் தடம் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

நான் கார்த் துறையில் வேலை செய்பவன். தயாரிப்பு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் பல வாரங்களுக்கு வடக்குச் சுற்றை வாடகைக்கு எடுத்துச் சோதனை ஓட்டம் நடத்துகின்றன. தடத்துக்கு நிலையான வருவாய் தருவது இதுபோன்ற வேலைதான். அதற்குத் தேவை நேரம் தவறாத நிருவாகம். பாதுகாப்பையும் பாருங்கள். 2015 மார்ச்சில் வடக்குச் சுற்றில் உள்ள ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் ஒரு பந்தயக் கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் சில பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அடுத்த குளிர்காலத்துக்குள் அந்த மேட்டைச் சீராக்கி, வேலிகளைக் கூட்டி, 2016இல் கட்டுப்பாடு நீங்கும்படி வேலையை முடித்தது இந்தத் தனியார் நிருவாகமே. சட்டமன்றக் குழு, நிதி ஒதுக்கீடு, மறு ஆய்வு என்று போயிருந்தால் இவ்வளவு விரைவில் முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மறுமொழி 3: மஞ்சள்கொடி (போன்)

இருவரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் தடத்தின் உரிமையையும் அன்றாட நடப்பையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பேசுவதால்தான் சிக்கல் தீராமல் இருக்கிறது. நிலத்துக்கு உரியவரே அதை நடத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பற்சக்கரம் அவர்களே, புதிய நிருவாகத்தின் நன்மைகளைச் சொன்ன நீங்கள் 2014இல் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1985 முதல் அங்கே நடந்துவந்த 'ராக் ஆம் ரிங்' இசைவிழா, விழா அமைப்பாளருக்கும் புதிய உரிமையாளருக்கும் உடன்பாடு ஏற்படாமல், 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகள் மெண்டிக் விமானத்தளத்துக்குப் போய்விட்டது. 2017இல் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் அந்த வார இறுதியை நம்பி அறை வாடகைக்கு விடுபவர்களிடமும் ரொட்டிக்கடைக்காரர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் ஒரு தனி உரிமையாளருக்கு இல்லை. உரிமை தனியாரிடம் போவதன் பொருள் இதுதான்.

விற்பனைக்கு முன்பாக, 2013இல், தடம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இன்று நீங்களும் நானும் கட்டணம் கட்டி, தடுப்புக் கம்பி உயர்ந்ததும் உள்ளே நுழைய முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் அந்தச் சட்டமும் நிற்கிறது. விற்பனை நடந்த முறையும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. அதில் வாங்குபவருக்குச் சலுகையாக அமையும் சட்டவிரோத அரசு உதவி இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் எடுத்த முடிவை, 'நூர்பர்க்ரிங்குக்கு ஆம்' என்ற சங்கம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ரத்து செய்தது.

என் கருத்து இது: நிலமும் தடமும் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். அதில் சுற்றியுள்ள ஊர்களுக்கும், 24 மணி நேரப் பந்தயத்தை நடத்தும் மோட்டார்ச் சங்கத்துக்கும் வாக்குரிமை வேண்டும். நடத்தும் பொறுப்பைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, எழுதிவைத்த நிபந்தனைகளோடு, ஏலத்தில் விடலாம். பந்தயத்துக்குத் தேவையற்ற கட்டுமானம் எதற்கும் அறக்கட்டளை கடன் வாங்கக் கூடாது என்பது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

மலைவளைவு:

மூவருக்கும் நன்றி. 'காட்டோரம்' ஐயா சொன்ன கல் சுமந்த கதையைப் படித்த பிறகு, வடக்குச் சுற்றின் கருஸ்ஸெல் வளைவில் கார்ச் சக்கரம் கான்கிரீட் பள்ளத்துக்குள் இறங்கும் அந்த இடத்தை இனிப் பழையபடி கடந்து போக என்னால் முடியாது. 'மஞ்சள்கொடி'யிடம் ஒன்று கேட்க வேண்டும். சொத்து ஏற்கெனவே கைமாறிவிட்ட நிலையில், அறக்கட்டளை அதைத் திரும்ப வாங்கப் பணத்துக்கு எங்கே போகும்? மறுபடியும் வரிப்பணத்தைத்தானே கேட்க வேண்டியிருக்கும்?

மறுமொழி 4: காட்டோரம்

அந்தக் கேள்விக்கு என்னிடமும் எளிய விடை இல்லை, தம்பி. ஆனால் 2021 ஜூலை வெள்ளத்தில் அருகிலுள்ள ஆர் ஆற்றின் பள்ளத்தாக்கு சிதைந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். நாடெங்கிலுமிருந்து வந்த மீட்புப் பணியாளர்களுக்கு இந்தத் தடமே பாசறையானது. பார்வையாளர் வண்டிகள் நிற்கும் இடமெங்கும் தீயணைப்பு வண்டிகளும் நீலநிற மீட்புப் படை வண்டிகளும் வரிசையாக நின்றன. உரிமையாளர் தரப்பு வாயில்களைத் திறந்துவிட்டது. அதற்காக நான் அவர்களுக்கு நன்றியுடையவன். எனினும் அன்று அது அவர்களின் நல்ல மனத்தைப் பொறுத்த செயலாக இருந்தது. அடுத்த முறை இன்னொருவர் உரிமையாளராக இருந்தாலும் வாயில் திறக்குமாறு எழுத்தில் உறுதி வேண்டும். திரும்ப வாங்கப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதையும், ஊர்களைக் கலந்துபேசும் கடமையையும் சேர்க்கும்படி நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதலாம். நான் எழுதப் போகிறேன்; கோலோனில் இருந்தாலும் ஆண்டுக்கு நான்கு முறை இங்கே வரும் நீங்களும் கையெழுத்திடுங்கள்.